மீரா உசேன் வாய் திறக்காத மோதிரம்

மீரா உசேன் கையில் யார் மோதிரத்தைக் கொடுத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். கல் எவ்வளவு பெரிசு, எப்படி மின்னுகிறது என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான். கல்லுக்குக் கீழே, விரலோடு ஒட்டி மறைந்துபோகும் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அடுத்து தோளில் கிடக்கும் துண்டின் மேல் மோதிரத்தை ஒரு இழுப்பு இழுப்பார். நூல் மாட்டினால், கல்லைப் பிடித்திருக்கும் கொக்கியில் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் காதோரம் வைத்து ஆட்டுவார். கல் ஆடினால் அவருக்குக் கேட்கும். நமக்குக் கேட்காது. எல்லாம் முடிந்த பிறகுதான் மோதிரத்தை நிமிர்த்திக் கல்லின் முகத்தைப் பார்ப்பார். அதற்குள் அந்த மோதிரத்தின் கதை அநேகமாக முடிந்திருக்கும்.

"மேல்பக்கத்தை எவனும் ஒழுங்காத்தான் செய்வான். அதைக் காட்டித்தானே விக்கணும்? யாரும் பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச இடத்துல என்ன செஞ்சு வெச்சிருக்கான், அதைப் பாரு" என்பார்.

கடைக்காரர்கள் கொடுக்கும் சர்டிபிகேட்டை நீட்டினால் வாங்கிப் படிக்கவும் மாட்டார். "இது கல்லுக்குக் குடுத்தது. கல்லைப் புடிச்சிருக்கிற வேலைக்கு யாரு குடுத்தா?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மாமா ஒருவர் விசா எடுத்துக் கொடுக்க, மீசை முளைக்கும் வயதில் ஷார்ஜா போனார். அங்கே ஒரு நகைப் பட்டறையில் கல் பதிக்கும் வேலை. பட்டறையை மேற்பார்த்தவர் ஒரு குஜராத்திக்காரர். முடிந்த மோதிரத்தை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர் கவிழ்த்துப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் உருக்கும் டப்பாவில் போட்டுவிடுவார். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மோதிரத்தைக் கையில் எடுப்பார். அந்த மனிதர் வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி மீரா உசேன் கேட்டதே இல்லை. அந்தப் பட்டறையில் பேசாமல் இருப்பதுதான் பாராட்டு. மீரா உசேனும் தன் ஜென்மத்துக்கு அதையே பழகிக்கொண்டார்.

கழுத்து வலி வந்து ஊருக்குத் திரும்பியவர், மயிலாடுதுறை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் சின்னக் கடை போட்டு உட்கார்ந்தார். ஆடுகிற கல்லை இறுக்குவது, ஒடிந்த கொக்கியை மாற்றுவது, பத்தாத மோதிரத்தைப் பெரிதாக்குவது. போர்டு கிடையாது. தேவைப்பட்டவன் கேட்டுக்கொண்டு வருவான் என்று விட்டுவிட்டார்.

கடையோடு இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் மோதிரத்தை நேராகக் கொண்டுபோய்ப் பெண்ணுக்குப் போட்டுவிட மாட்டார்கள். தட்டில் பட்டுத்துணி விரித்து, அதில் மோதிரத்தை வைத்து, ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரு சுற்று விடுவார்கள். ஆளாளுக்கு எடுத்துப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்று சொல்லி, அடுத்தவர் கைக்குத் தள்ளுவார்கள். சுற்று முடிந்துதான் தட்டு உள்ளே பெண்கள் பக்கம் போகும். அங்கே மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் விரலில் போட்டுவிடுவார். மீரா உசேன் ஊர் திரும்பும்வரை எந்தத் தட்டும் நடுவழியில் நின்றதில்லை.

கொழுந்தியாள் மகள் பர்வின் நிச்சயத்தில்தான் முதன்முதலில் நின்றது. "கல்லு நல்ல கல்லு. பதிச்சவன்தான் தூக்கத்துல பதிச்சிருக்கான்" என்றார். எல்லோரும் முகம் சுளித்தார்கள். கல்யாணமாகிச் சில நாளிலேயே பர்வின் சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். கல் மாவுக்குள் போய்விட்டது. அவளுடைய மாமியார் மொத்த மாவையும் சல்லடையில் வைத்துக் கரைத்து எடுத்தார்.

அதற்குப் பிறகு மீரா உசேன் சொல்லுக்கு மதிப்பு ஏறியது. வரவேற்பு இறங்கியது. பத்திரிகை வைக்கும்போதே சிலர், "நீங்க நேரா நிக்காஹ்வுக்கு வந்தாப் போதும் மீரா உசேன் நானா, நிச்சயத்துக்கெல்லாம் எதுக்கு அலையுறீங்க" என்று அவர் உடம்பின்மேல் அக்கறை காட்டினார்கள்.

அவர் மனைவி சைத்தூன் பீவிக்கு இது புதிதல்ல. பீரோ வாங்கப் போனால் அதைச் சுவரிலிருந்து நகர்த்தி முதுகைப் பார்க்கிற மனிதர். சட்டை எடுத்தால் உள்தையலைப் பார்க்கிறவர். "கல்யாணத்தன்னிக்கு என் கருகமணியைக் கவுத்துப் பாத்தாரு. என்னைக் கவுத்துப் பாக்காம விட்டதே பெரிசு" என்று சொந்தக்காரப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பு நின்றது, அந்தப் பழக்கம் சொந்த வீட்டிலேயே கைவைத்தபோது. மகள் ரிஃப்காவுக்கு முதலில் குத்தாலத்தில் ஒரு இடம் அமைந்தது. மோதிரம் வந்தது, தட்டு சுற்றியது, மீரா உசேன் கவிழ்த்தார். "அடிப்பக்கம் பல்லு விளக்காத வாய் மாதிரி இருக்கு" என்றார். உண்மையைத்தான் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்தது.

ரிஃப்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அமைதியான பெண். அழவில்லை. அப்பாவுக்குச் சோறு வைப்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். வெகுநாள் ஒரு இடமும் வரவில்லை. அந்தாளு வீட்டில் போய் யார் மோதிரத்தைக் காட்டுவது என்று ஊர் பேசியது சைத்தூன் பீவி காதுக்கு வந்தது.

அப்படியிருக்கும்போதுதான் நன்னிலத்திலிருந்து அன்சார் வந்து பெண் கேட்டார். உரமும் விதைநெல்லும் விற்கிற கடைக்காரர். ஒரே மகன் ஃபாஜில் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். ஃபாஜிலும் ரிஃப்காவும் போனில் பேசிப் பார்த்தார்கள், பேச்சு நீண்டுகொண்டே போனது. சைத்தூன் பீவிக்குப் புரிந்துவிட்டது. இந்த இடம் போனால் மகள் இன்னொரு இடத்துக்குத் தலையாட்ட மாட்டாள். ஆட்டினாலும் வருகிறவன் இல்லை.

நிச்சயத்துக்கு முதல் நாள் கணவரை எதிரில் உட்கார வைத்தார்.

"இங்க பாருங்க. நாளைக்குத் தட்டு வரும். எடுங்க, பாருங்க, வைங்க. நல்லாருக்குன்னும் சொல்ல வேணாம், நல்லால்லேன்னும் சொல்ல வேணாம். வாய்க்கு நாளைக்கு லீவு."

"கல்லு ஆடினா?"

"கட்டடமே ஆடினாலும் பேசக் கூடாது."

மீரா உசேன் வாக்குக் கொடுத்தார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் லென்ஸையும் அந்த அம்மாள் வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டார்.

மறுநாள் தட்டு வந்தது. கூடம் நிறைய ஆட்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் நடுவில். எதிரே அன்சார், புது வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தட்டு கைமாறிக் கைமாறி மீரா உசேனிடம் வந்தபோது பேச்சு தானாகக் குறைந்தது.

ஒற்றை வைரம். இரண்டு தோளிலும் பொடிக் கற்கள் வரிசை. மீரா உசேன் கவிழ்த்தார்.

அவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கண் வழக்கம்போல் குறையைத் தேடிப் போய், நிற்க இடம் கிடைக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பொடிக்கல்லுக்குப் பின்னாலும் வெளிச்சம் வர விட்ட துளை, ஒன்றைப்போலவே ஒன்று. அந்தத் துளையின் உட்சுவர்கூட பளபளத்தது. யாரோ ஒருவன் ஒவ்வொரு துளைக்குள்ளும் நூலை விட்டு, மருந்து தடவி, இழுத்து இழுத்துத் தேய்த்திருக்கிறான். பற்றுப்பொடி வைத்து ஒட்டவைத்த இடம் எங்கே என்று தேடினார். தெரியவில்லை. துண்டில் இழுத்தார். ஒரு நூல் மாட்டவில்லை. காதோரம் ஆட்டினார். மோதிரம் ஊமையாக இருந்தது.

லென்ஸ் இல்லை. எழுந்து ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கூடத்தில் யாரோ இருமினார்கள், அதையும் பாதியில் நிறுத்தினார்கள்.

ஷார்ஜாவில் இருந்த காலமெல்லாம் இப்படி ஒரு வேலை தன் கையிலிருந்து வந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் குஜராத்திக்காரர் இதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, அதையே செய்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து, மோதிரத்தைத் தட்டில் வைத்து, அடுத்தவர் பக்கம் நகர்த்தினார்.

அடுத்தவர் அதைத் தொடவில்லை.

தட்டு அங்கேயே இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்சாரின் விறைப்பு கழுத்திலிருந்து இறங்கிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். நிலைமையைப் புரிந்துகொண்ட ஹஜ்ரத் இரண்டு கையையும் ஏந்தி துஆவை ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேச முடியாது.

தட்டு உள்ளே போவதற்குள் செய்தி உள்ளே போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் ரசியா பேகம் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே மோதிரத்தைப் போட்டுவிட்டார்.

சாப்பாட்டில் அன்சாரும் மீரா உசேனும் ஒரே சஹன் தட்டில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அன்சார் ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தி, மோதிரத்தைப் பாத்தீங்களே..."

மீரா உசேன் வாக்கை நினைத்துக்கொண்டார். "தால்ச்சா ஊத்திக்கிறீங்களா?" என்றார்.

அன்சார் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே எதிர் டீக்கடை பக்கிரி டம்ளரோடு வந்து நின்றான்.

"என்ன பாய், கண்ணாடியாமே?"

"எது?"

"உங்க பாப்பா மோதிரம்தான். வைரமே இல்லியாம். நீங்க பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிட்டீங்களாம்."

"வெளிச்சத்துக்குப் போனேன்யா."

"அதைத்தான் சொல்றேன். வெளிச்சத்துல பாத்துட்டு, வாயைத் திறக்க முடியாம நின்னீங்களாம். குத்தாலத்து மோதிரத்துக்கே அந்தப் பேச்சுப் பேசினவரு, இதுக்கு ஒண்ணுமே சொல்லலேன்னா அது எவ்வளவு மோசமா இருக்கணும்? ஊர்ல அதான் கணக்கு."

"யாருய்யா இந்தக் கணக்கைப் போட்டது?"

"போட்டது யாரா இருந்தா என்ன, விடை சரியாத்தானே வருது?" என்றான் பக்கிரி.

நன்னிலத்தில் அந்தக் கணக்கு இன்னும் வேகமாக நடந்தது. ரசியா பேகம் ரசீதை எடுத்துக்கொண்டு திருச்சியில் மோதிரம் வாங்கிய கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். மோதிரத்தைக் கொண்டுவாங்க, மிஷினில் வைத்துக் காட்டுகிறோம் என்றார்கள். மோதிரம் மருமகள் விரலில் இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்கிற கேவலம் வேறு வேண்டுமா என்று அழுதுகொண்டே திரும்பினார். அன்சார் போன் செய்து, நிக்காஹ் தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். உங்களுக்கு மனசில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஊர் சிரிக்கிறது என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்று வீட்டில் ரிஃப்கா நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அத்தா, அவங்க குவைத்துலேர்ந்து கேக்குறாங்க. உங்களுக்கு அவங்களைப் புடிக்கலையா, மோதிரத்தைப் புடிக்கலையா?"

"யாரு சொன்னா புடிக்கலேன்னு?"

"அப்ப மோதிரத்துல என்னதான் குறை?"

"ஒரு குறையும் இல்ல. நான் பாத்ததுலேயே அதான் வேலை."

சைத்தூன் பீவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். "அதை அங்கேயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீதானே வாய்க்கு லீவுன்னே?"

"குறை சொல்லுவீங்கன்னு லீவு விட்டேன்! நீங்க நல்லாருக்குன்னு சொல்லப் போறீங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"நல்லாருக்குன்னும் சொல்லக் கூடாதுன்னு நீதான் சொன்னே."

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். சொன்னது அவர்தான். ரிஃப்கா மோதிரத்தைக் கழற்றி, ஒரு மருந்துக் கவரில் போட்டு, அப்பா கையில் கொடுத்தாள்.

"நன்னிலம் போய் சரி பண்ணிட்டு வாங்க அத்தா. மோதிரத்தை இல்ல."

கணவனும் மனைவியும் பேரளம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். குறுவை அறுப்பு முடிந்து பாதி ரோட்டை நெல் பிடித்திருந்தது. பஸ் மிச்சப் பாதியில் ஊர்ந்தது. சைத்தூன் பீவி லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாராட்டையும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

"மாஷா அல்லாஹ், மோதிரம் ரொம்ப அழகா இருக்கு. எங்க, சொல்லுங்க."

"மாஷா அல்லாஹ். மோதிரம் ரொம்ப அழகா இருக்கு."

"மூஞ்சியை ஏன் அப்படி வெச்சுக்கிறீங்க? கொஞ்சம் சிரிச்சாப்ல."

மீரா உசேன் சிரித்தாற்போல் ஒருமுறை சொன்னார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ன பாய், வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று விசாரித்தார்.

அன்சார் வீட்டில் வரவேற்பில் குறை வைக்கவில்லை. ஃபேனைத் திருப்பி வைத்தார்கள், ரோஸ் மில்க் கொடுத்தார்கள். யாரும் யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. மீரா உசேன் கவரிலிருந்து மோதிரத்தை எடுத்து முன்னால் வைத்தார். பஸ்ஸில் படித்ததை ஒப்பித்தார். அது போதாது என்று தோன்றியதால், தன் சொந்த வார்த்தையிலும் சொன்னார்.

"சுத்தமான வேலைங்க. ஒரு குறை கிடையாது."

ரசியா பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்கண்ணே. எங்களுக்குத் தெரியாதா?"

"இல்லம்மா, நெஜமாத்தான்."

"பொண்ணைப் பெத்தவரு, வேற எப்படிச் சொல்லுவீங்க?"

மீரா உசேன் அன்சாரைப் பார்த்தார். அன்சார் தலையை மெதுவாக ஆட்டினார்.

"சம்பந்தி, நான் விதை விக்கிறவன். ஒரு குறையும் இல்லாத நெல்லுன்னு எவனாவது மூட்டை கொண்டாந்தா, நான் அந்த மூட்டையைப் பிரிக்கவே மாட்டேன். எந்த நெல்லுலயும் கையளவுல ரெண்டு பதர் இருக்கும். இருக்குன்னு சொல்றவன்தான் கையில அள்ளிப் பாத்தவன். நீங்க எத்தனையோ மோதிரத்தைப் பாத்து ஊரறியக் குறை சொன்னவரு. எங்க மோதிரத்துல மட்டும் குறையே இல்லேன்னா நாங்க என்னன்னு எடுத்துக்கிறது? சொல்லக்கூட லாயக்கில்லேன்னுதானே?"

மீரா உசேனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய நல்ல வார்த்தை ஊரில் செல்லாது. குறைதான் செல்லும். ஒரு குறை கொடுத்தால் இந்தச் சம்பந்தம் நிற்கும். கொடுக்காவிட்டால் மகள் வீட்டில் இருப்பாள்.

லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். முதலில் உண்மையாகவே தேடினார். ஏதாவது ஒன்று, கொக்கி முனையில் ஒரு சாய்வு, துளை ஓரத்தில் ஒரு பிசிறு, எது கிடைத்தாலும் போதும் என்று கும்பிடாத குறையாகத் தேடினார். எந்த ஊர்ப் பட்டறையில் எவன் குனிந்து உட்கார்ந்து செய்தானோ, அவன் இவருக்கு ஒரு மயிரிழையும் விட்டுவைக்கவில்லை. லென்ஸுக்குப் பின்னால் கண் கலங்கியது. மூடித் திறந்து இன்னொரு தடவை பார்த்தார்.

அதுவரை எந்த மோதிரத்தைப் பற்றியும் அவர் பொய் சொன்னதில்லை.

"ஒண்ணு இருக்கு" என்றார்.

ரசியா பேகம் நிமிர்ந்தார். அன்சார் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"உள்பக்கம், விரல்ல படுற இடத்துல, கல்லுக்கு நேர் கீழ. அரம் பட்ட கீறல். பாலிஷ் போடுறப்ப விட்டுட்டான். மயிரிழைதான்."

கூடத்தில் இருந்த காற்றே மாறிவிட்டது.

"அவ்வளவுதானா? அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ரசியா பேகம். "ஏங்க, கேட்டீங்களா? ஒரே ஒரு கீறலாம்!"

"அப்ப மத்ததெல்லாம்?" என்று கேட்டார் அன்சார்.

"மத்ததெல்லாம் சுத்தம்."

"கல்லு?"

"முதல்தரம்."

அன்சார் தொடையில் தட்டிச் சிரித்தார். "இந்த ஒரு கீறலுக்கா மனுஷன் அன்னிக்கு ஜன்னல்ல போயி அவ்வளவு நேரம் நின்னீங்க? பாவி மனுஷா, அங்கேயே சொல்லியிருந்தா நான் இன்னும் ரெண்டு கறித்துண்டு சாப்பிட்டிருப்பேனே!" உள்ளேயிருந்து சமோசா வந்தது. நிக்காஹ் தேதி அந்தச் சமோசாவோடு முடிவானது.

கிளம்பும்போது மீரா உசேன் மோதிரத்தை எடுக்கப் போனார். ரசியா பேகம் முந்திக்கொண்டார்.

"இது இங்கேயே இருக்கட்டும்ணே. எங்க கடைத்தெரு பத்தர்கிட்ட குடுத்து அந்தக் கீறலை எடுத்துட்டு, நிக்காஹ் அன்னிக்கு நானே புள்ளைக்குப் போட்டுவிடுறேன்."

மீரா உசேன் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. "வேணாம்மா. அது வெளிய தெரியவே தெரியாது."

"தெரியாத இடத்துல என்ன இருக்குன்னுதானே நீங்க பாப்பீங்க?"

"அப்ப நானே சரி பண்ணிடுறேன். கடையிலதானே இருக்கேன்."

"நல்லாருக்கே! மாப்பிள்ளை வீட்டு மோதிரத்தைப் பொண்ணோட அத்தா ரிப்பேர் பாத்தாருன்னு எங்களுக்குப் பேர் வாங்கித் தரப் போறீங்களா?" என்றார் அன்சார். அது முடிந்த பேச்சு.

பஸ்ஸில் சைத்தூன் பீவி மெதுவாகக் கேட்டார். "கீறல் நெஜமாவே இருந்துச்சா?"

"இல்ல."

அந்த அம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு பேரளம் வரைக்கும் சிரித்தார். மீரா உசேன் ரோட்டில் காய்ந்த நெல்லைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நிக்காஹ் அன்று மோதிரம் திரும்ப வந்தது. ஒருமுறை சுற்றிய தட்டு திரும்பச் சுற்ற வேண்டியதில்லை. ஆனாலும் அன்சார் விடவில்லை. பத்தர் சரிசெய்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்றார். தட்டு வந்தது. குவைத்திலிருந்து வந்திருந்த ஃபாஜில் மாலையை விலக்கிக்கொண்டு மாமனார் முகத்தையே பார்த்தான். நல்ல பையன், கொஞ்சம் வியர்த்திருந்தான்.

மீரா உசேன் கவிழ்த்தார்.

உள்பக்கம், விரலில் படும் இடம், கல்லுக்கு நேர் கீழே. அவர் சொன்ன அதே இடத்தில் இப்போது ஒரு அரக்கீறல் இருந்தது. மயிரிழை இல்லை, வைக்கோல் தடிமன். அதை மறைக்கப் போட்ட பாலிஷில் ஓரங்கள் மழுங்கி, உள்விளிம்பு சப்பிய மிட்டாய் மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது.

கூடம் காத்திருந்தது. அன்சார் காத்திருந்தார். சைத்தூன் பீவி கதவிடுக்கில் காத்திருந்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் மீரா உசேன். "இப்ப ஒரு குறையும் இல்ல."

கூடமே மூச்சு விட்டது. அடுத்தவர் சந்தோஷமாகத் தட்டை வாங்கிக்கொண்டார். மீரா உசேன் சபையில் ஒரு மோதிரத்தைப் பாராட்டி ஊர் கேட்டது அதுதான் முதல்தடவை. எல்லோரும் நம்பினார்கள்.

கல்யாணம் முடிந்து, மறுவிருந்துக்கு நன்னிலம் போனபோது, வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மீரா உசேன் கடைத்தெருவுக்குப் போனார். பத்தர் கடையைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. சின்ன மேஜை, ஊதுகுழாய், கண்ணாடி போட்ட ஒரு மனிதர். பத்தரைத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். குத்தாலத்து மோதிரத்துக்குச் சொன்னதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

"உரக்கடை அன்சார் வீட்டு மோதிரம் ஒண்ணு உங்ககிட்ட வந்துச்சா?" என்று ஆரம்பித்தார்.

பத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காருங்க பாய். அதை ஏன் கேக்குறீங்க. அந்த மோதிரத்துனால எனக்கு ரெண்டு நாளு சோறு இறங்கல."

"ஏன்?"

"அப்படி ஒரு வேலையை நான் கையில தொட்டதே இல்ல. உள்ள கீறல் இருக்கு, எடுத்துக் குடுங்கன்னாங்க. லென்ஸ் வெச்சுப் பாக்குறேன், ஒண்ணும் இல்ல. வெயில்ல பாக்குறேன், ஒண்ணும் இல்ல. அந்தம்மாகிட்ட சொன்னேன், கீறல் எதுவும் தெரியலியேம்மான்னு. 'மாயவரம் மீரா உசேன் பாய் சொல்லிட்டாரு, அவரு கண்ணுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா'ன்னு கேட்டுட்டாங்க. நான் என்ன பண்றது? அவரு சொன்னா இருக்கும்னு நெனச்சு, சொன்ன இடத்துல அரத்தை வெச்சேன். வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு, வெச்சிருக்கக் கூடாதுன்னு."

மீரா உசேன் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூடப் பொருத்தமாக இல்லை. பத்தர் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து டீ வரவழைத்தார். இருவரும் குடித்தார்கள்.

"அந்த பாயை எனக்குத் தெரியாது. ஆனா என்னிக்காவது ஒருநாள் நேர்ல பாத்தா ஒண்ணே ஒண்ணு கேக்கணும் பாய்" என்றார் பத்தர். "அந்தக் கீறல் எங்கதான் இருந்துச்சுன்னு."

"கேளுங்க" என்றார் மீரா உசேன்.

டீயைக் குடித்து முடித்து, டம்ளரை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வெற்றிலை வாங்கப் போனார்.